தலைவர் ஜீப்பின் புகை

1998 வைகாசித் திருவிழா ஊர்வலம், காலை ஏழு மணி. ஆறு மேளக்காரர்கள் ஊராட்சித் தலைவர் குப்பண்ணனின் பழைய திறந்த ஜீப்புக்குப் பின்னால் இருமிக்கொண்டே நடந்தார்கள். நாகஸ்வரக்காரர் சிங்காரம் மூச்சிழுக்க முடியாமல் வாசிப்பை நிறுத்தினார்.

“நாங்க முன்னால போறமுங்க.”

“எனக்கு முன்னால எவனும் போகக் கூடாது. புகை ஒத்துக்கலைன்னா சைலன்சரைத் திருப்பி வச்சுக்க.”

சிங்காரத்தின் தம்பி ஆறுச்சாமி வெல்டர். மறுநாள் ஊர்வலத்துக்கு முன்பே ஜீப்பின் சைலன்சர் குழாயை வளைத்து முன்பக்க பம்பருக்குக் கொண்டுவந்துவிட்டார். ஜீப் நகர்ந்ததும் புகை தலைவர் முகத்திலேயே அடித்தது.

“என்னடா இது, சிங்காரம்?”

“உங்களுக்கு முன்னால யாரும் போகலீங்க. புகை மட்டுந்தான் போகுது.”

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தலைவர் இருமிக்கொண்டே இறங்கி, சிங்காரத்தின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“நேத்து இதையா குடிச்சே?”

“ஆமாங்க. ஊதிக்கிட்டே குடிச்சேன்.”

அடுத்த ஆண்டுத் திருவிழாவில், 1999 மே 18 அன்று நடந்த ஊர்வலத்தில் மேளம் முன்னால் போனது. தலைவர் பின்னால் நடந்து வந்தார்.