சம்பந்தி ஏறினால் திணறும் வண்டி

சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருந்தால், இனிமேல் என் வாயில் பொய்யே வராமல் போகட்டும். அதைவிடப் பெரிய சாபம் எனக்குத் தெரியாது.

"குருவே, என் வண்டி என் சம்பந்திக்கு மட்டும் திணறுது."

இப்படிச் சொல்லிக்கொண்டுதான் பாத்திரக்கடை சென்றாயன் ஒரு புதன்கிழமை காலையில் நாகஜோதியின் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தான்.

ஒர்க்‌ஷாப் இருந்தது முந்தலில். போடியிலிருந்து வருகிற ரோடு மலை ஏறத் தொடங்கும் இடம். நாகஜோதிக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். முந்தலில் உட்கார்ந்தபடியே, மேலே போடிமெட்டில் எவன் வண்டியில் எந்த நட்டு கழன்றது என்று சொல்லிவிடுவாள். கழல்வதற்கு முன்னால் சொன்னதும் உண்டு.

அவளுக்கு ஒரு வழக்கம். கோளாறு என்ன என்று வண்டிக்காரனே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஸ்பேனரைத் தொடுவாள். அதுவரை தகரச் செட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். அப்படிக் கிடந்து, தாடி வளர்ந்து, காவி கட்டி, தாங்கள் கொண்டுவந்த வண்டி எது என்பதையே மறந்துபோனவர்களும் இருந்தார்கள்.

அதனால் ஊரில் யாரும் அவளை மெக்கானிக் என்று சொல்வதில்லை. குரு என்பார்கள்.

"யாருக்கெல்லாம் திணறலை?" என்று கேட்டாள் நாகஜோதி.

"எனக்குத் திணறலை. என் பொண்டாட்டிக்குத் திணறலை. சும்மா நிறுத்தி வச்சு ரேஸ் பண்ணுனா தம்புரா மாதிரி பாடுது. அந்த மனுஷன் ஏறி உக்காந்து, மலை ஏற ஆரம்பிச்சு, ஆக்சிலரேட்டரை அமுக்குனா மட்டும், போகவா வேண்டாமான்னு யோசிக்குது. போன தடவை ஒரு நத்தை எங்களை முந்திட்டுப் போச்சு. போயிட்டு, ஓரமா நின்னு திரும்பிப் பாத்துச்சு."

"நத்தை?"

"பாத்துச்சுங்கிறேன்."

நாகஜோதி சிரிக்கவில்லை. "சம்பந்தி எப்படி இருப்பார்?"

சம்பந்தி என்றால் பூப்பாறை போஜராஜன். மலைமேல் ஏலக்காய்த் தோட்டம். ஏலம் நடக்கிற நாளில் போடிக்கு இறங்கி வருவார். திரும்பும்போது சென்றாயன்தான் தன் காரில் கொண்டுபோய் விடுவான். சம்பந்தம் பேசியபின் அது ஒரு மரியாதை. போஜராஜன் கதவைத் திறந்து உட்கார்ந்தால் காரின் மறுபக்கம் ஆகாயத்தைப் பார்க்கும். அவ்வளவு கனமான மனுஷர்.

"அவருக்குத் தெரியுமா, இப்படித் திணறுறது?"

"தெரிஞ்சுபோச்சு. 'என் ராசி அப்படிங்களா சம்பந்தி'ன்னு கேட்டுட்டாரு. எனக்கு ரத்தமே உறைஞ்சுபோச்சு."

"அதுதான் கவலையா?"

சென்றாயன் தரையில் சிந்திக் கிடந்த ஆயிலைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இன்னொண்ணும் இருக்கு."

அவன் மகள் சௌந்தரி போடியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் ஆனால் பூப்பாறையில் குடித்தனம். வெள்ளிக்கிழமை நாள் குறிக்கிறார்கள். சௌந்தரி அப்பாவிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். 'கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன். அதை அவங்ககிட்டச் சொல்லிட்டு நாள் குறிங்க. சொல்லாம குறிச்சா, நான் கழுத்தை நீட்ட மாட்டேன்.'

"சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் அவரை ஏத்துறேன். வாயெடுப்பேன். சரியா அந்த நேரம் பாத்து வண்டி திணறும். அப்புறம் பேச்சு பூராவும் வண்டியைப் பத்தியே போயிரும். வீடு வந்துரும். இறங்கிருவாரு."

"வண்டி சரியாயிட்டா சொல்லிருவீங்களா அண்ணே?"

"மடமடன்னு சொல்லிருவேன்."

"அப்ப கண்டுபிடிங்க."

*

சென்றாயன் தேடினான்.

ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினான். டீசல் ஃபில்டரைப் புதிதாகப் போட்டான். துடைக்க முடிந்ததையெல்லாம் துடைத்தான். ஸ்கேன் மிஷினை மாட்டிப் பார்த்தான். கோளாறு எதுவும் இல்லை என்றது மிஷின்.

ஸ்டார்ட் செய்து ரேஸ் பண்ணினான். பாடியது.

"குருவே, எல்லாம் நல்லாருக்கு."

"வண்டி எங்க நிக்குது?"

"செட்டுலதான்."

"எங்க திணறுது?"

"மலையில."

நாகஜோதி டீ குடிக்கப் போய்விட்டாள்.

இருட்டுகிற வரைக்கும் அவன் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். விளக்கு போட்ட பிறகுதான் புத்தியில் பட்டது.

"ஏத்தத்துல, அவரை வச்சுக்கிட்டுத்தான் பாக்கணும். ஆனா அந்த மனுஷனை இதுக்குன்னு எப்படிக் கூப்பிடுவேன்? 'வாங்க சம்பந்தி, உங்களால திணறுதான்னு பாப்போம்'னா?"

நாகஜோதி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையை மட்டும் காட்டினாள்.

அங்கே ஓர் உப்பு லாரி நின்றது.

*

மறுநாள் காலையில் லாரி டிரைவர் பல் விளக்கிக்கொண்டே கேட்டான். "உப்பை எதுக்குய்யா மலைக்குக் கூட்டிட்டுப் போறீங்க? ஊர் சுத்திக் காட்டவா?"

"சம்பந்திக்குப் பதிலா" என்றான் சென்றாயன்.

டிரைவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

பின் சீட்டில் மூட்டைகள். முன் சீட்டிலும் ஒரு பெரிய மூட்டை. அதற்கு சென்றாயன் பெல்ட் மாட்டினான். மாட்டும்போது, 'வசதியா இருக்குங்களா?' என்று கேட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. நாகஜோதி பின்னால், இரண்டு மூட்டைகளுக்கு நடுவே நுழைந்து உட்கார்ந்தாள்.

ஏற்றம் வந்தது. வளைவு வந்தது.

"அமுக்குங்க."

அமுக்கினான். வண்டி ஒரு கணம் யோசித்தது. பின்னால் கறுப்பாகப் புகை கக்கியது. ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் பாவப்பட்டுத் தள்ளிவிட எழுந்து வந்தன.

"உப்புக்கும் திணறுது!" சென்றாயன் கத்தினான். "தாயி, உப்புக்கும் திணறுது! ராசியுமில்லை, ஒரு எழவுமில்லை. கனம்! கனம்தான் கோளாறு!"

"ஊர்ல எல்லா வண்டியும் கனத்தை ஏத்திக்கிட்டுத்தான் போகுது."

சென்றாயன் அடங்கினான்.

"திணறுனதும் என்ன செஞ்சீங்க?"

"இன்னும் அமுக்குனேன்."

"மறுபடி அமுக்குங்க. இந்தத் தடவை சத்தம் போடாம."

அமுக்கினான். இன்ஜின் உறுமியது. அந்த உறுமலுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. பாம்பு பெருமூச்சு விட்டது மாதிரி. காலை எடுத்தான், நின்றுவிட்டது. அமுக்கினான், மறுபடி வந்தது.

சென்றாயன் மெதுவாகச் சொன்னான்.

"காத்து போகுது."

"எங்கேர்ந்து?"

"டர்போ காத்தை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்புதில்ல? அந்த வழியில எங்கயோ. காத்து பத்தாம இன்ஜின் மூச்சு முட்டுது."

"வண்டியைத் திருப்புங்க" என்றாள் நாகஜோதி.

*

கீழே வந்து, டர்போவிலிருந்து போகிற ரப்பர் குழாயைக் கழற்றினார்கள். சென்றாயன் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தான். உருட்டிப் பார்த்தான். ஊதிப் பார்த்தான். ஓட்டை எதுவும் தெரியவில்லை.

நாகஜோதி குழாயின் ஒரு வாய்க்கு மூடி போட்டு இறுக்கினாள். மறு வாயில் காற்றடிக்கும் பம்பை மாட்டினாள். மேலெல்லாம் சோப்பு நுரை தடவினாள்.

"அடிங்க."

சென்றாயன் பம்பை மிதித்தான். ஒன்றும் இல்லை.

"ஓட்டை இல்லை குருவே."

"அடிங்க."

"கால் கடுக்குது தாயி."

"அடிங்கண்ணே."

குழாய் விம்மியது. அடிப்பக்கத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. அது மீன் வாய் போலத் திறந்தது. நுரை கொப்பளித்து, பூசணிக்காய் அளவுக்கு ஒரு குமிழி எழுந்தது. அதற்குள் போடி மலை முழுக்கத் தலைகீழாகத் தெரிந்தது என்று சென்றாயன் சொன்னான். நான் நம்புகிறேன்.

பம்பிலிருந்து காலை எடுத்தான். கோடு மூடிக்கொண்டது. விரலால் தடவினான். எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

"இவ்வளவு நேரம் கையில வச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"ம்."

நாகஜோதி ஸ்பேனரை எடுத்தாள். மத்தியானத்துக்குள் புதுக் குழாய் ஏறியது.

சென்றாயனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இன்னைக்குச் சாயங்காலமே சம்பந்தியை ஏத்துறேன். இன்னைக்கு ஏலம், இறங்கி வந்திருப்பாரு. சொல்லிப்புடுவேன்."

"என்ன சொல்லுவீங்க?"

"என்ன சொல்லுவேனா?" வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டு ஆரம்பித்தான். "சம்பந்தி, எம் பொண்ணு கை பட்டா காய்ச்சக்காரன் எந்திரிச்சு உக்காருவான். அந்தக் கை அடுப்புக்கு மட்டும்னு கடவுள் படைக்கலை. நீங்க பெரிய மனசுக்காரர். உங்க மருமக தினம் மலை இறங்கிப் போயி நாலு உசிரைக் காப்பாத்திட்டு வர்றது உங்களுக்குத்தான் பெருமை..."

தடங்கலே இல்லை. அருவி மாதிரி கொட்டியது. இறக்கி வைத்திருந்த உப்பு மூட்டைகள் கேட்டுக் கேட்டுக் கசிந்தன.

பேசி முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்தான். "எப்படி குருவே?"

"வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டாள் நாகஜோதி.

சென்றாயன் வண்டியைப் பார்த்தான். மேலே மலையைப் பார்த்தான்.

"நீங்களும் கூட வரணும்" என்றான். குரல் இறங்கிவிட்டது.

*

"வேண்டாங்க சம்பந்தி" என்றார் போஜராஜன். "நான் ஜீப்புல போயிக்கிறேன். வண்டி பாவம்."

"ஏறுங்க சம்பந்தி."

கதவைத் திறந்து, பார்த்துப் பார்த்து, அரை மனசாக உட்கார்ந்தார். பின்னால் நாகஜோதி.

முதல் வளைவில் போஜராஜன் மேலே கைப்பிடியைப் பிடித்திருந்தார். அடுத்த வளைவில் கையை எடுத்தார்.

"அட! நம்ம வண்டிதானா இது?"

"ஒரு குழாயில ஓட்டைங்க. மாத்தியாச்சு."

"அப்ப என் ராசி இல்லையே?"

"அய்யய்யோ, உங்க ராசிக்கென்ன. உப்பு மூட்டையை ஏத்திப் பாத்தோம், அதுக்கும் திணறுச்சு."

"என்னை உப்பு மூட்டையோட வச்சுப் பாத்தீங்களா!" போஜராஜன் சிரித்த சிரிப்பில் வண்டி ரோட்டின் அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்கும் போய் வந்தது.

சிரிப்பு ஓய்ந்தது. பேச நல்ல நேரம்.

சென்றாயன் வாயைத் திறந்தான். "மேல மழை எப்படிங்க?"

போஜராஜன் சொன்னார்.

ஒரு வளைவு போனது.

"காய் நல்லா பிடிச்சிருக்குங்களா?"

அதையும் சொன்னார்.

இன்னொரு வளைவு. வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. திணறவே இல்லை. கொஞ்சம் திணறினால் தேவலை என்றிருந்தது சென்றாயனுக்கு. பழி போட இப்போது எதுவும் இல்லை. கீழே போடி சிறிதாகிக்கொண்டே வந்தது.

பின்னாலிருந்து நாகஜோதி சொன்னாள்.

"இன்னும் திணறுது."

போஜராஜன் திரும்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா. நல்லாத்தானே போகுது?"

நாகஜோதி கண்ணை மூடிக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

சென்றாயனின் காது மடல் சுட்டது. "ஓரமா நிறுத்தட்டுமா தாயி?"

"நிறுத்தாதீங்க. நிறுத்துனா தெரியாது."

அவன் கியரை இறக்கினான். செங்குத்தான ஏற்றம். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. மத்தியானம் கொட்டிய அருவியில் ஒரு சொட்டுகூட ஞாபகத்தில் இல்லை.

"சௌந்தரி வேலையை விட மாட்டா சம்பந்தி."

குரல் பாதியில் பிசிறியது. பிசிறினாலும் அவன் நிறுத்தவில்லை.

"கல்யாணத்துக்கு அப்புறமும் போவா. தினமும் இறங்கி ஏறுவா. உங்களுக்குச் சம்மதமில்லைன்னா, நாளைக்கு நாள் குறிக்க வேண்டாம்."

அவ்வளவுதான் வந்தது.

போஜராஜன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே பள்ளத்தில் பனிமஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வளைவு போனது. இன்னொன்று போனது.

போஜராஜன் தொண்டையைச் செருமினார்.

"சாயங்காலம் போடியிலேர்ந்து மேல வர்ற கடைசி பஸ் எத்தனை மணிக்குங்க சம்பந்தி?"

*

இதை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும், முந்தலில் ஒரு குரங்கு சொல்லிற்று என்று சொல்லிவிடுங்கள். போஜராஜனின் கனத்தை வெளியே விட்டது நான்தான் என்று தெரிந்தால், மனுஷர் மலை இறங்கி வந்து என் மடியில் உட்கார்ந்துவிடுவார்.