ஏழு குதிரை பாரம்

ஓடக்காரி மாரக்காள் வேண்டாமென்று தடுத்தும் பாளையக்காரர் வீரசின்னு ஏழு குதிரைகளை அவள் ஓடத்தில் ஏற்றி அனுப்பினார். நடு ஆற்றில் ஓடம் கவிழ்ந்தது. குதிரைகள் நீந்திப் பிழைத்தன. கூடப் போன குதிரைக்காரனுக்குக் கால் முறிந்தது.

"எல்லாம் ஆற்றம்மன் செயல்" என்றார் பாளையக்காரர்.

"பாரம் கூடிப்போச்சு, மகாராசா" என்றாள் மாரக்காள்.

"அதை அம்மனே வந்து சொல்லட்டும். நாளைக்குள்ள அழைச்சுட்டு வா. இல்லேன்னா உன் ஓடத்தைக் கொளுத்திடுவேன்."

ஆற்றிலிருந்து மீட்ட அந்த ஓடம்தான் மாரக்காளுக்குப் பிழைப்பு. மறுநாள் ஆற்றங்கரையில் ஊர் முன்னால் கும்பிட்டு நின்றாள்.

"அம்மன் கனவுல வந்தா, மகாராசா. இனி கவிழ்க்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டா. அதே ஏழு குதிரையும் ஏத்தியாச்சு. நீங்களும் ஏறுங்க."

பாளையக்காரர் ஓடத்தில் ஒரு காலை வைத்தார். அது ஆடியது. "முதல்ல குதிரைகளை இறக்குங்கடா!" என்று கத்தினார்.

"ஏன், மகாராசா? அம்மன்தான் சத்தியம் பண்ணிட்டாளே?"

ஊரே சிரித்தது. பாளையக்காரர் காலை எடுத்துக் கரையில் வைத்தார்.

"ஏத்தச் சொன்னது என் தப்புதான்" என்றவர், குதிரைக்காரனுக்கு வைத்தியரை அழைத்துவரத் தாமே புறப்பட்டார்.