கைராசிக்காரர் யோசனையில் இருக்கிறார்

முன்னொரு காலத்தில் மாங்குளத்துச் சீமையை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்பது மரியாதைக்கு. பாதிப்பொழுது ஊஞ்சலில்தான் கிடந்தார்.

அரண்மனைப் பொறிகளுக்கெல்லாம் தலைவர் குழந்தைவேலு. அவர் தொட்டால்தான் எதுவும் ஓடும், அப்படியொரு கைராசி என்று ஊரெல்லாம் பேச்சு. மனுஷனுக்கும் அதில் உச்சி குளிர்ந்துதான் போயிருந்தது. ஊஞ்சல் கிறீச்சிட்டால் அவர்தான் ஓடுவார். ராணியின் கிளிக்கூண்டுத் தாழ் சிக்கினாலும் அவர்தான். அவருக்குக் கீழே இருந்த கொல்லரும் தச்சரும் "தலைவர் வரட்டும்" என்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் ஏரி மதகு விரிசல் விட்டது. மழைக்குள் புது மதகு நிற்காவிட்டால் ஊரும் மூழ்கும், குழந்தைவேலுவின் தலையும் உருளும் என்றார் ராஜா. சொன்ன வாயாலேயே ஊஞ்சலுக்கும் கூப்பிட்டார். குழந்தைவேலு எப்போது விழுவார் என்று காத்திருந்த சபைப் பிரதானி தாண்டவராயர், "அவர் கை பட்டாப் போதுமே மகாராஜா" என்று தூபம் போட்டார். எந்த ஆளை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கக்கூடக் குழந்தைவேலுவுக்கு நேரமில்லை.

மறுநாள் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். ரசத்துக்கு உப்புப் போட்டுத் தரச்சொல்லிச் சமையல்காரர் வந்து நின்றார். யானைக்குப் பேதி, வயிற்றைத் தடவிவிடணும் என்று பாகன் வந்தான். அடுத்து சலவைக்காரர், கஞ்சிப் பானையோடு. ராஜா கைதான் ராசியான கை என்று குழந்தைவேலு எல்லாரிடமும் ஓதிவைத்திருந்தார். இலையில் சோறு காய்ந்தது.

"இதுக்கெல்லாம் ஆளில்லையா?" என்று ராஜா கத்தினார்.

"இருக்காங்க மகாராஜா. எனக்குக் கீழேயும் இருக்காங்க. நான் ஊஞ்சலுக்கு வந்துட்டா மதகைப் பத்தி யோசிக்கத்தான் ஆளில்லை" என்றார் பின்னாலேயே வந்து நின்ற குழந்தைவேலு.

ராஜா முறைத்தார். பிறகு குபீரென்று சிரித்துவிட்டார். காலைப்பொழுதில் குழந்தைவேலுவை எவரும் கூப்பிடக் கூடாது, வாசலில் நின்று திருப்பியனுப்புவது தாண்டவராயர் வேலை, ஒருத்தரை உள்ளே விட்டாலும் பதவி போச்சு என்று உத்தரவு போட்டார்.

பிரதானி வெயிலில் வாடினார். உள்ளே வேலை பங்கு பிரிந்தது, வெற்றிலை வாய்களும் உளி பிடித்தன. மழை வந்தபோது மதகு அசையவில்லை. ஊர் தப்பியது, குழந்தைவேலுவின் தலையும் தப்பியது.

உத்தரவு மட்டும் அப்படியே இருந்தது. ஒருநாள் காலை ராஜாவே வந்தார். உடைவாள் உறையில் சிக்கிக்கொண்டதாம், கைராசிக்காரரைக் கூப்பிடச் சொன்னார்.

தாண்டவராயர் பதவியை நினைத்து வாசலை மறித்தார். "தலைவர் யோசனையில இருக்கார், மகாராஜா. மத்தியானமா வாங்க."

ராஜாவுக்கு வந்த கோபத்துக்கு அந்த இடத்திலேயே தலையைச் சீவியிருப்பார். வாள்தான் வரவில்லை.