மேல்தாழ்ப்பாள்

பெரிய ஏரியின் கரை உடைந்த அன்று மேலத்தெரு முழுவதும் மடத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. ஊரிலேயே மேடான இடம் அதுதான்.

அடிகள் அங்கே இல்லை. கரையில் நீர் கசிகிறது என்று கேள்விப்பட்டதுமே பள்ளத்தில் இருக்கும் கீழத்தெருவுக்கு எச்சரிக்கை சொல்லக் கிளம்பியிருந்தார். போகும்போது தம் சீடன் அம்பலவாணனிடம், "நான் வரும்வரை மடம் உன் பொறுப்பு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அம்பலவாணன் பண்ணையார் வீட்டுப் பிள்ளை. காவி கட்டி வருஷங்கள் ஆகியும் அந்த வீடு அவன் குரலை விட்டுப் போகவில்லை. அவன் ஒரு சொல் சொன்னால் மறுபேச்சு கிடையாது. குழந்தைகளை மச்சில் ஏற்றினான். ஆட்களை விட்டுக் கஞ்சி காய்ச்சச் சொன்னான். பெட்டிகளும் பித்தளை அண்டாக்களும் கூடத்தின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டன. யாரோ இரண்டு கன்றுக்குட்டிகளைக் கொண்டுவந்து தூணில் கட்டினார்கள்.

"தலைவன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!" என்று ஒரு பெரியவர் சொன்னது அவன் காதில் விழுந்தது. விழாதவன் போல் இருந்துகொண்டான்.

தண்ணீர் வாசற்படியைத் தொட்டபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

"யாரது?"

"கீழத்தெரு ஆளுங்க, சாமி! கதவைத் திறங்க!" ஒரு பெண்ணின் குரல்.

அவன் திரும்பிப் பார்த்தான். கூடம் முழுக்க முகங்கள். ஓர் அம்மாள் தன் பெட்டியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துக்கொண்டாள்.

"இங்கே இடமில்லை. பின்னால் புளியந்தோப்பு இருக்கிறது. மரத்தில் ஏறிக்கொள்ளுங்கள்."

"சாமி, எங்ககூட..."

அவன் மேல்தாழ்ப்பாளையும் இழுத்துப் போட்டான். இரும்பு உராயும் சத்தத்தில் மீதி கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு தட்டவில்லை.

மறுநாள் வெயில் ஏறியபோது வெள்ளம் வடிந்திருந்தது. அம்பலவாணன் முழங்கால் சேற்றில் இறங்கித் தோப்புக்குப் போனான்.

புளியமரங்களில் மனிதர்கள் இருந்தார்கள். கிழிந்த சேலைகளால் கிளையோடு சேர்த்துத் தங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மரத்துக்கு மரம் ஏறி, முடிச்சவிழ்த்து, ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயதுக்கு மேல் இருக்காது. சடைச்சி என்று பெயர்.

அவள் கடைசியாக ஒரு முதியவரை இறக்கிக் கிடத்தினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. உடம்பில் ஒட்டியிருந்தது காவி.

அடிகள்.

அம்பலவாணன் சேற்றைத் தள்ளிக்கொண்டு அருகே ஓடினான்.

"உசிரு இருக்கு சாமி" என்றாள் சடைச்சி. "தண்ணி குடிச்சு நெனவில்லாம கெடந்தாரு. எங்கண்ணன் மூக்கன்தான் தோளில போட்டு உங்க வாசலுக்குத் தூக்கியாந்தான்."

"மூக்கன் எங்கே?"

அவள் தண்ணீர் போன திசையைப் பார்த்தாள்.

"எல்லாரையும் ஏத்திவிட்டுட்டுக் கடைசியாத்தான் ஏறினான். கை நழுவிருச்சு."

அவள் அழவில்லை. அழுகை இன்னும் அவளிடம் வந்து சேரவில்லை.

"அடிகள் உங்களோடு இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" அம்பலவாணன் கத்தியே விட்டான்.

"சொல்லத்தான் சாமி வாயெடுத்தேன்."

அவன் சேற்றில் விழுந்து குருவின் பாதங்களைப் பற்றிக்கொண்டான். அவை சில்லென்று இருந்தன.

"சுவாமி! சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கணமே திறந்திருப்பேனே!"

அடிகள் கண் விழித்தார். நெடுநேரம் இருமினார். சீடன் முகத்தை அடையாளம் கண்டுகொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"யாருக்கு?" என்றார்.