காகம் தொடாத சோறு

"காக்கா என் சோத்தத் தொடமாட்டேங்குது சாமி. இதுல யாரோ வெளையாடுறாங்க."

மடத்துக் குருவிடம் புகார் சொன்னவர் தணிகாசலம். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி குமுதவல்லி இறந்த பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தார். வேலையை விட்டாலும் சந்தேகம் அவரை விடவில்லை.

தினமும் மதியம் மடத்துத் தோட்டத்து மதில்மேல் ஓர் இலைத்துண்டில் அவளுக்காகச் சோறு வைப்பார். காகம் வரும். தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்க்கும். தொடாமலே பறந்துவிடும்.

அந்தப் பக்கம் குரு இறைக்கும் நொய்யை மட்டும் மைனாவும் தவிட்டுக்குருவியும் முண்டியடித்துத் தின்னும்.

முதலில் சமையல்காரர்மீது சந்தேகம் வந்தது. உப்பை வேண்டுமென்றே அள்ளிப் போடுகிறாராம். பிறகு தோட்டக்காரரின் பூனைமீது. கடைசியில் குருவின்மீதே வந்தது. நொய்யைக் காட்டிப் பறவைகளையெல்லாம் தம் பக்கம் இழுத்துக்கொண்டாரோ?

அதையும் குருவிடமே சொன்னார். அந்த மட்டுக்கும் நல்ல மனிதர்தான்.

உள்ளுக்குள் இருந்த பயம் வேறு. குமுதவல்லி கோபத்தோடேயே போய்விட்டாளோ என்ற பயம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

சோறு வைத்த பிறகு என்ன செய்வீர்கள் என்று குரு கேட்டார்.

பூனை வராமல் கையில் தடியோடு பக்கத்திலேயே நிற்பேன், காகம் தின்கிறதா என்று கண்ணெடுக்காமல் பார்ப்பேன் என்றார் தணிகாசலம்.

அன்று மதியம் குருவே அவருக்கு இலை போட்டுப் பரிமாறினார். பிறகு அவருடைய தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவர் வாயையே பார்த்தார்.

முதல் கவளம் எப்படியோ உள்ளே போயிற்று. இரண்டாவது கவளத்தை எடுத்தவர், சோற்றில் ஏதாவது கலந்திருக்கிறதா என்று பிசைந்து பார்த்தார். மூன்றாவது தொண்டையிலேயே நின்றது.

"ஏன் சாமி இப்படிப் பாக்குறீங்க?"

"நீங்க சாப்பிடுறீங்களான்னுதான்."

"இப்படிப் பாத்துக்கிட்டிருந்தா எப்படி சாமி எறங்கும்?"

குரு பார்வையை எடுக்கவில்லை.

தணிகாசலத்தின் கை இலையிலேயே கிடந்தது. சோறு ஆறிப்போயிற்று. இலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"குமுதா என் முன்னாடி உக்காந்து சாப்பிட்டதே இல்ல சாமி. நான் டூட்டிக்குக் கெளம்பினப்புறம்தான் தட்டெடுப்பா."

குருவின் மடியில் இருந்த தடியைப் பார்த்தார்.

"வெக்கப்படுறான்னு நெனச்சேன்."