சந்தேகத்துக்குரிய இரண்டு ஸ்பீக்கர்கள்

“ஸ்பீக்கர் பொய் சொல்லுதும்மா,” என்றார் அருணகிரி.

“எந்தப் பக்கத்து ஸ்பீக்கர் சார்?” என்று கேட்டார் ஜெபராணி.

“ரெண்டும்.”

அருணகிரி காவல்துறையில் முப்பது வருடம் கைரேகை நிபுணராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெபராணி பாளையங்கோட்டையில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்துபவர். அருணகிரியின் மகளைவிட இரண்டு வயது இளையவர். கேட்பது எப்படி என்று கற்றுக்கொள்ள அருணகிரி சனிக்கிழமைதோறும் அவரிடம் வருவார். வந்து, பெரும்பாலும் பேசுவார்.

“கடையில மிருதங்கம் மிருதங்கமா இருந்துச்சு. வீட்டுல அரிசி மூட்டையை உருட்டுற மாதிரி இருக்கு. கடைக்காரன் ஜோடியை மாத்திட்டான்.”

“சீரியல் நம்பர் பாத்தீங்களா?”

“சரியா இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு.”

ஜெபராணி ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இல்லேன்னா வீட்டுல யாரோ நகர்த்துறாங்க. பவுடர் தூவி ரேகை எடுத்துப் பாத்தேன்.”

“யாரோட ரேகை?”

“என்னோடது மட்டும்தான்.”

“அப்புறம் என்ன?”

“துடைச்சிருக்காங்க.”

“யாரு?”

“வீட்டுல இருக்கிறதே ரெண்டு பேருதாம்மா.”

மற்றவர் அவர் மனைவி உலகம்மாள்.

அருணகிரி குரலைத் தாழ்த்தினார். “இது நாலாவது ஜோடி. நாளைக்கு மதியம் கடைக்காரன் வருவான். வச்சுக்கிறேனா, திருப்பிக் கொடுக்கிறேனான்னு சொல்லணும். நான் ஒரு பாட்டை முழுசாக் கேட்டு ஆறு மாசம் ஆகுது.”

ஜெபராணி செருப்பை மாட்டிக்கொண்டார்.

அருணகிரி வீட்டில் பாட்டுக் கேட்கும் அறை பத்துக்குப் பத்தேகால் அடி. அந்தக் கால் அடியை விட்டுவிட்டுச் சொன்னால் அருணகிரி திருத்துவார். நெஞ்சளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள் தரையில் நின்றன. எதிரே ஒரு நாற்காலி; அருணகிரி அதில் போய் உட்கார்ந்தார். நான்காவதாக ஒரு பொருளை அவர் உள்ளே விட்டதில்லை.

“எந்திரிங்க சார்.”

எழுந்தார். இருவரும் ஒரு ஸ்பீக்கரைத் தூக்கி நாற்காலியில் சாய்த்து நிறுத்தினார்கள்.

“அது என் இடம்,” என்றார் அருணகிரி.

“தெரியும்.”

ஜெபராணி போனிலிருந்து அந்த ஸ்பீக்கரில் மட்டும் ஒரு கீர்த்தனையை ஓடவிட்டார். “தரையில தவழ்ந்து போங்க. எங்க மிருதங்கம் மிருதங்கமாக் கேக்குதோ அங்க நில்லுங்க.”

“எதுக்கு?”

“ஸ்பீக்கரோட இடத்தைத் தேடுறதுக்கு. அது உங்க இடத்துல இருந்து பாடுறப்ப எங்க நல்லாக் கேக்குதோ, அங்க அதை வச்சா உங்க நாற்காலியிலயும் நல்லாக் கேக்கும்.”

அருணகிரி அவரை உற்றுப் பார்த்தார். “கடைக்காரன் உங்களுக்குத் தெரிஞ்சவனா?”

“முழங்கால் வலிக்குமா சார்? பாய் போடவா?”

தவழ்ந்தார். மூலையில் மிருதங்கம் லாரி மாதிரி உறுமியது. சுவரோரம் அதன் ஒலி வீங்கியது. ஜன்னலுக்குக் கீழே அதைக் காணவே இல்லை.

“இங்க இல்ல. இங்கயும் இல்ல. இந்த அறையில ஒருத்தனும் உண்மை பேசல.”

“கதவு திறந்துதான் இருக்கு,” என்றார் ஜெபராணி.

அருணகிரி வாசற்படியைத் தாண்டினார். உறுமல் பின்தங்கியது. இன்னும் இரண்டு முழம் தவழ்ந்தார். மிருதங்கத்தில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாக விழுந்தது.

அங்கே உலகம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் முருங்கைக்கீரை. ஒரு கை உருவிக்கொண்டிருந்தது. மற்றது முழங்காலில் தாளம் போட்டது.

தரையில் கைகளை ஊன்றியபடியே அருணகிரி கேட்டார்: “எவ்வளவு நாளா இங்க உக்கார்ற?”

“முதல் ஜோடி வந்ததுலேர்ந்து.”

“உள்ள வந்திருக்கலாமே.”

“உள்ள நல்லா இல்ல.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க என்னைக் கேக்கலயே. பவுடர்தான போட்டீங்க.”

அருணகிரி மெல்லத் திரும்பி, மனைவியின் பக்கத்தில் சுவரில் சாய்ந்தார்.

“நாலு ஜோடில எது நல்லா இருந்துச்சு?”

“சரணம் முடியட்டும்,” என்றார் உலகம்மாள்.