ராஜாவுக்கு அரை குறைந்த கதை

வேங்கைநாட்டு ராஜாவின் பெயர் இளவளவர். இளமை பெயரோடு சரி, வயது அறுபது. எடையைப் பற்றி அரண்மனையில் யாரும் வாய் திறப்பதில்லை, அவரவருக்கு அவரவர் தலை முக்கியம். காலையில் நெய் ஒழுகும் பொங்கல், அதன் மேல் அதிரசம், மதியம் முழு விருந்து, அது செரிக்க மறுபடியும் அதிரசம். கட்டிலுக்கும் சிம்மாசனத்துக்கும் இருபதடி தூரம். அதற்கும் பல்லக்கு.

இப்படிப்பட்டவருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. மணையில் உட்கார்ந்தார், ராணிக்குத் தாலி கட்டினார், எல்லாம் நன்றாகத்தான் போனது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. நாலு காவலர்கள் சேர்ந்து தூக்கினார்கள். மணையும் கூடவே வந்தது. ராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

ராஜாவுக்கு வந்ததே கோபம்! மறுநாளே அரண்மனை வைத்தியர் நன்னாகனாரைச் சபைக்கு வரவழைத்தார்.

"வைத்தியரே, எனக்குக் கிழத்தனம் வந்துவிட்டது. போக்கும்."

"மகாராஜா, சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்து, காலையில் கொஞ்ச தூரம் நடந்தால்..."

"பத்தியம் என்ற பேச்சே கூடாது! நடப்பதற்கு நான் என்ன தூதுவனா? மருந்து கொடும். ஒரு மண்டலம் தவணை. முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போய்விடும். அடே சேந்தா, எழுது ஓலை!"

சேந்தன் சபையில் ஓலை எழுதுபவன். அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். முத்திரை விழுந்துவிட்டால் ஓலையில் இருப்பதுதான் உத்தரவு. ராஜாவே நினைத்தாலும் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. அதனால் ஓலைக்குச் சொல்லும்போது மட்டும் ராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு பெரிய தமிழில் சொல்வார்.

"நாற்பத்தெட்டே நாளில், என் வயதில் அரை குறைய வேண்டும்!"

சேந்தனின் எழுத்தாணி ஒரு கணம் நின்றது. உதட்டில் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது. அப்படியே எழுதி முடித்தான்.

சபை கலைந்ததும் வைத்தியர் அழாத குறையாக அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அறுபதை முப்பதாக்க நான் எங்கே போவேன், சேந்தா? மூட்டை கட்ட வேண்டியதுதான்."

சேந்தனுக்கு மனசு கேட்கவில்லை. உத்தரவை எழுதியது அவன் கை ஆயிற்றே! "அவசரப்படாதீர்கள் ஐயா. பக்கத்து மலை உச்சியில் முடக்கத்தான் கொடி இருக்கிறதா?"

"கொட்டிக் கிடக்கிறது."

"போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

மறுநாள் ராஜாவிடம் போனான். "மகாராஜா, மருந்து அகப்பட்டுவிட்டது. பத்தியமே கிடையாது. ஆனால் மூலிகை மலை உச்சியில் இருக்கிறது. பறிக்கிற கைக்கும் அரைக்கிற கைக்கும்தான் அது பலிக்கும்."

"பல்லக்கில் போய்ப் பறிக்கிறேன்."

"தாராளமாக. ஆனால் பல்லக்குத் தூக்கிகள் கை தவறி ஓர் இலையைத் தொட்டுவிட்டால்? எல்லாரும் இருபது வயதுக்காரர்கள். பாதி குறைந்தால் பத்து வயதுப் பிள்ளைகள். நடுமலையில் தங்களை யார் தூக்குவது?"

ராஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் இளமையைப் பல்லக்குத் தூக்கிகள் கொண்டுபோவதா? "நானே ஏறுகிறேன்!"

"இன்னும் ஒன்று. அதிரசம் எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஒன்றுக்கு ஒரு வயது கூடும், அவ்வளவுதான்."

முதல் நாள் பத்துப் படி ஏறி, பதினோராவது படியில் ராஜா உட்கார்ந்துவிட்டார். உச்சிக்குப் போய்த் திரும்புவதற்குள் உச்சி வெயில். வந்ததும் அம்மி. குழவி ஒரு பக்கம் ஓட, ராஜா ஒரு பக்கம் ஓட, ஒருவழியாக அரைத்து முடித்தபோது பசி காதை அடைத்தது. கேழ்வரகுக் கூழும் கீரையும் மோரும் தேவாமிர்தமாக இறங்கின. பிறகு அதிரசத் தட்டு வந்தது.

"சேந்தா, இதைத் தின்றால் அறுபத்தொன்றா?"

"ஆமாம், மகாராஜா."

"பாதி தின்றால்?"

"அறுபதரை."

தட்டு வந்த வழியே திரும்பிப் போனது.

இருபதாம் நாள் சூரியனுக்கு முன்பே ராஜா உச்சியில் நின்றார். குறட்டை நின்றுபோனது. ராணி பல வருஷம் கழித்து நிம்மதியாகத் தூங்கினாள்.

நாற்பத்தெட்டாம் நாள். சபை கூடியது. வைத்தியர் நிஜமாகவே மூட்டையோடு வந்திருந்தார்.

"வைத்தியரே, இன்று என் வயது என்ன?"

பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அறுபது வயதும்... நாற்பத்தெட்டு நாளும், மகாராஜா."

"கூடியல்லவா இருக்கிறது!" ராஜா சிம்மாசனத்திலிருந்து துள்ளிக் குதித்தார். குதித்த வேகத்தில் அவருடைய பொன் அரைஞாண் நழுவிக் காலடியில் விழுந்தது.

சேந்தன் எழுந்து ஓலையைப் பிரித்தான். "'என் வயதில் அரை குறைய வேண்டும்.' உத்தரவு நிறைவேறிவிட்டது, மகாராஜா."

"எங்கே நிறைவேறியது? அரை என்றால் பாதி!"

"அரைஞாணை எங்கே கட்டுகிறோம்?"

"அரையில்... இடுப்பில்."

"தங்கள் வயதில், அதாவது இந்த அறுபதாம் வயதில், அரை குறைய வேண்டும் என்றீர்கள். குறைந்துவிட்டது. சாட்சி கீழே கிடக்கிறது."

ராஜா குனிந்து அரைஞாணை எடுத்தார். நிமிர்ந்த பிறகுதான் தான் குனிந்ததே அவருக்கு உறைத்தது. இந்த முறை ராணி வாயைப் பொத்தாமலே சிரித்தாள். ராஜாவும் விழுந்து விழுந்து சிரித்தார். "மூட்டையை உள்ளே கொண்டுபோம், வைத்தியரே! இனி நீர் இங்கேதான்" என்று அரைஞாணை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். வைத்தியருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு ராஜாவின் பார்வை சேந்தன் மேல் திரும்பியது. உட்கார்ந்தே எழுதி எழுதி வளர்ந்த அவன் தொந்தியில் போய் நின்றது.

"அடே சேந்தா, உனக்கும் ஓர் ஓலை. எழுது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளை காலை முதல் அரை!"

சேந்தன் ஆசையோடு நிமிர்ந்தான். "அரை... என்ன, மகாராஜா? அரை ஊரா? அரை நாடா?"

ராஜா அம்மிக் குழவியை வரவழைத்து அவன் கையில் வைத்தார்.

"ஊருமில்லை, நாடுமில்லை. அரை!"